உடுமலையிலிருந்து போடி வரை: தோலுக்குத் தெரியும் குளிரும் சூடும்

வெள்ளி: உடுமலை, சின்னாறு, மறையூர்

ஜனவரி விடியற்காலை. உடுமலையில் மூணாறு பஸ் ஏறும்போது அம்மா கம்பியைப் பிடித்துவிட்டு "என்ன இப்படிச் சில்லுனு இருக்கு" என்று கையை வெடுக்கென எடுத்துக்கொண்டார். சீட்டைத் தொட்டால் அப்படி ஒன்றும் இல்லை. நான் பள்ளியில் இயற்பியல் எடுப்பவள், என் பையில் எப்போதும் ஒரு சின்ன டிஜிட்டல் தெர்மாமீட்டர் கிடக்கும். கம்பியிலும் வைத்தேன், சீட்டிலும் வைத்தேன், இரண்டிலும் 19 டிகிரிதான். ராத்திரி முழுக்க ஒரே இடத்தில் நின்ற வண்டி, அதில் உள்ள இரும்பு, ரெக்சின், கண்ணாடி எல்லாம் சுற்றியிருக்கும் காற்றின் வெப்பநிலைக்கே வந்திருக்கும்.

இந்தப் பயணம் முழுக்க இதைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். மூணாறில் மாமா வீடு. பனிக்காலத்தில் அங்கே ஒரு தடவையாவது போய்த் தங்க வேண்டும் என்று அம்மாவுக்கு ரொம்ப நாள் ஆசை. எனக்கு வேறொரு ஆசை. உடுமலைச் சமவெளி, சின்னாறு வறண்ட காடு, மறையூர், மூணாறு மேடு, அப்புறம் போடிமெட்டு வழியாகத் தேனிப் பக்கம் இறக்கம் என்று இந்த ஒரே சுற்றில் உடம்பு எத்தனை விதமான சூட்டையும் குளிரையும் பார்க்கும் என்று எழுதி வைக்க வேண்டும். செய்தியில் 'மூணாறு இத்தனை டிகிரி' என்று ஓர் எண் போடுகிறார்கள். அந்த எண் காற்றினுடையது. நம் தோலுக்குள் இருக்கும் நரம்பு முனைகளுக்குக் காற்றின் வெப்பநிலை தெரிய வழியே கிடையாது. தாங்கள் உட்கார்ந்திருக்கும் தோல் எவ்வளவு சூடாக இருக்கிறது, அது எவ்வளவு வேகமாக ஏறுகிறது, இறங்குகிறது, இவ்வளவுதான் அவற்றுக்குத் தெரியும்.

கம்பிக்கே வருகிறேன். கையின் தோல் சாதாரணமாக 33 டிகிரியை ஒட்டி இருக்கும். 19 டிகிரியில் இருக்கும் பொருளைத் தொட்டதும் தொட்ட இடம் இரண்டுக்கும் நடுவே ஏதோ ஒரு வெப்பநிலைக்கு வரும். எந்தப் பக்கம் சாயும் என்பது, அந்தப் பொருள் வாங்கிய வெப்பத்தை எவ்வளவு வேகமாக உள்ளே கடத்தும், எவ்வளவு தாங்கிவைக்கும் என்பதைப் பொறுத்தது. இரும்பு வாங்க வாங்க உள்ளே அனுப்பிக்கொண்டே இருப்பதால் தொட்ட இடத்தில் தோல் 20, 21 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. அதே 19 டிகிரி மரக்கட்டையைத் தொட்டிருந்தால் 30-ஐ ஒட்டியே நின்றிருக்கும், ஏனென்றால் மரம் முதலில் வாங்கிய வெப்பத்தை மேற்பரப்பிலேயே வைத்துக்கொண்டு அதற்குமேல் வாங்க மறுக்கிறது. ஆக அம்மா உணர்ந்தது பொய்யில்லை. அவர் கை உண்மையிலேயே குளிர்ந்துதான் போனது, கம்பிதான் சீட்டைவிடக் குளிர்ந்ததாக இல்லை.

ஒன்பதாறு செக்போஸ்ட் தாண்டிச் சின்னாறு வந்தபோது வெயில் ஏறிவிட்டது. இது மழை மறைவுப் பகுதி, மலைக்கு மேற்கே கொட்டுகிற தென்மேற்குப் பருவமழையில் பெரும்பகுதி இங்கே எட்டுவதில்லை. முள்மரங்களும் கள்ளியுமாக, கேரளா என்று யாராவது சொன்னால்தான் நம்ப முடியும். செக்போஸ்ட்டில் வண்டி நின்ற நேரத்தில் இறங்கி நின்றேன். நல்ல வெயில், ஆனால் சட்டை நனையவில்லை. வியர்க்கவில்லை என்று நாம் சொல்லுவோம். வியர்த்தது, காய்ந்தும் போனது, அவ்வளவுதான். ஒரு லிட்டர் வியர்வை முழுக்க ஆவியானால் உடம்பிலிருந்து ஏறத்தாழ 2,400 கிலோஜூல் வெப்பம் போய்விடும். சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு பெரிய ஆளின் உடம்பு சுமார் 100 வாட் வெப்பத்தை உண்டாக்குகிறது, அந்தக் கணக்கில் பார்த்தால் ஒரு லிட்டர் வியர்வை ஆறு மணி நேரத்துக்கு மேல் உண்டாகும் வெப்பத்தைக் கொண்டுபோகிறது. ஆனால் அது ஆவியாக வேண்டும். சொட்டிக் கீழே விழுந்தால் எந்த உபகாரமும் கிடையாது.

இதை மறையூரில் கண்கூடாகப் பார்த்தேன். மறையூர் வெல்லத்துக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஊரைச் சுற்றிக் கரும்புத் தோட்டம், அங்கங்கே வெல்லம் காய்ச்சும் கொட்டகை. ஒரு கொட்டகையில் கேட்டு உள்ளே போனோம். பெரிய கொப்பரையில் சாறு கொதிக்கிறது, கீழே கரும்புச் சக்கை எரிகிறது, கொட்டகை முழுக்க வெள்ளையாக ஆவி. என் தெர்மாமீட்டரில் கொப்பரையிலிருந்து தள்ளி நின்ற இடத்தில் 32 டிகிரி. சின்னாறு வெயிலில் இருந்ததைவிட இது ஒன்றும் பெரிதில்லை, ஆனால் இரண்டு நிமிடத்தில் முதுகில் ஆறாக வழிகிறது, மூச்சு முட்டுகிறது. கொப்பரையைக் கிண்டிக்கொண்டிருந்த அண்ணன் சொன்னார்: "வெயில்ல நாள் முழுக்க நிக்கலாம்க்கா, இந்த ஆவியில நிக்க முடியாது. காத்து எந்தப் பக்கம் வருதோ அந்தப் பக்கம் நின்னுதான் கிண்டணும்."

அவர் சொன்னதை அறிவியலும் எண்களில் சொல்கிறது. ராபர்ட் ஸ்டெட்மன் 1979-இல் வெளியிட்ட கணக்கை அடிப்படையாக வைத்து அமெரிக்க வானிலைத் துறை ஓர் அட்டவணை வைத்திருக்கிறது. அதன்படி 32 டிகிரிக் காற்றில் ஈரப்பதம் 40 சதவீதம் என்றால் உடம்புக்கு 33 போலத் தெரியும், 70 சதவீதம் என்றால் 41-ஐ ஒட்டித் தெரியும். காற்று ஏற்கெனவே நீராவியைச் சுமந்திருக்கும்போது வியர்வை போக இடம் இல்லை. ஈரத்துணி சுற்றிய தெர்மாமீட்டர் காட்டும் அளவை ஈரக்குமிழ் வெப்பநிலை என்பார்கள். அது 35-ஐத் தொட்டால், நிழலில் சும்மா உட்கார்ந்து எவ்வளவு தண்ணீர் குடித்தாலும் உடம்பால் தன்னைக் குளிர்வித்துக்கொள்ள முடியாது என்று 2010-இல் ஷெர்வுட், ஹூபர் என்ற இருவர் கணக்கிட்டுச் சொன்னார்கள். 2022-இல் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஆட்களை வைத்தே சோதித்தபோது, நல்ல ஆரோக்கியமான இளவயதுக்காரர்களுக்கே ஈரமான காற்றில் எல்லை 31-ஐ ஒட்டி வந்துவிடுகிறது என்று தெரிந்தது. எனக்கு இது பயமாகத்தான் இருக்கிறது. நம் வீடுகளில் 'இன்னைக்கு 40 தாண்டல, பரவாயில்லை' என்று பேசுகிறோம், ஈரப்பதத்தை யாரும் கேட்பதில்லை.

இன்னொன்று, கொப்பரை ஆவியில் கை வைத்துவிட்டால் ஏன் கொதிதண்ணீரைவிட மோசமாக வெந்துபோகிறது என்று அம்மா கேட்டார். ஒரு கிலோ எடையுள்ள 100 டிகிரித் தண்ணீர் தோலில் பட்டு உடம்பு வெப்பத்துக்கு இறங்கினால் கொடுப்பது சுமார் 260 கிலோஜூல். அதே எடை நீராவி தோலில் பட்டுத் தண்ணீராக மாறும்போதே 2,250 கிலோஜூலுக்கு மேல் இறக்கிவிடும், அப்புறம்தான் அந்த 260. குக்கர் மூடியைத் திறக்கிறவர்கள் முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள்.

சனி: மறையூர், லக்கம், மூணாறு

மறையூரில் முனியறைகள் பார்க்காமல் வரக்கூடாது. பெருங்கற்காலத்துக் கல்லறைகள், பலகைக் கற்களை நிறுத்தி மேலே ஒரு பலகைக் கல் மூடி. காலை ஏழு மணிக்குப் பாறையில் வெறுங்காலோடு நின்றால் உள்ளங்காலிலிருந்து குளிர் ஏறுகிறது, பக்கத்திலேயே காய்ந்த புல்லில் நின்றால் ஒன்றும் இல்லை. நேற்றுச் சொன்ன கம்பிக் கதையே.

அங்கிருந்து மூணாறு சாலையில் லக்கம் அருவி. நாங்கள் போனபோது ஒரு குடும்பம் குளித்துக்கொண்டிருந்தது, மூன்று நான்கு வயதுப் பையன் ஒருவன் உதடு நீலமாகி நடுங்குகிறான், "இன்னும் ஒரு முங்கு" என்று அவனைத் தூக்கித் தூக்கி முக்குகிறார்கள். தண்ணீரில் தெர்மாமீட்டர் 16 காட்டியது. காற்றும் கிட்டத்தட்ட அதே 17தான், நாங்கள் ஒரு மெல்லிய சால்வையோடு சுகமாக நின்றுகொண்டிருந்தோம். தண்ணீர் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு நன்றாக வெப்பத்தைக் கடத்தும். அது மட்டுமில்லை, ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க ஆகும் வெப்பத்தில் 3,000 லிட்டருக்கு மேல் காற்றைச் சூடாக்கிவிடலாம். அதனால் காற்றில் நிற்கும்போது நம்மை ஒட்டியிருக்கும் மெல்லிய அடுக்கு சீக்கிரம் சூடாகி நமக்கே காப்பாகிவிடுகிறது. தண்ணீரில் அது நடக்காது. ஓடும் தண்ணீரில் சுத்தமாக நடக்காது, சூடான அடுக்கு உருவாகும் முன்பே அடித்துக்கொண்டு போய்விடும். குழந்தைகளுக்கு எடையோடு ஒப்பிட்டால் தோல் பரப்பு அதிகம், பெரியவர்களைவிட வேகமாக வெப்பத்தை இழப்பார்கள். நான் போய் அந்தப் பையனின் அப்பாவிடம் சொன்னேன், அவர் நல்ல மனுஷர், உடனே தூக்கித் துடைத்தார். ஆனால் அதே ஈர பனியனோடு காரில் ஏற்றப் பார்த்தார்கள், அதையும் சொல்லிக் கழற்ற வைத்தேன். ஈரத்துணி இரண்டு வழியில் குளிர்விக்கும், தண்ணீராகக் கடத்தியும் ஆவியாகியும். பருத்தித் துணி நனைந்துவிட்டால் நூலுக்கு நடுவே இருந்த காற்றெல்லாம் போய்த் தண்ணீர் வந்துவிடுகிறது, காப்பு என்று எதுவும் மிச்சமில்லை. கம்பளி நனைந்தாலும் கொஞ்சமாவது காற்றைப் பிடித்துவைத்திருக்கும்.

பஸ்ஸில் அம்மாவுக்குத் தலைசுற்றல், வழக்கம்போல் தைலம் எடுத்து நெற்றியில் தேய்த்தார், "ஆ, குளுகுளுன்னு இருக்கு" என்றார். வெப்பம் எங்கேயும் போகவில்லை, நெற்றியின் வெப்பநிலையும் இறங்கவில்லை. தோலின் நரம்பு முனைகளில் குளிர்ச்சியைக் கண்டுபிடிக்க ஒரு புரதம் இருக்கிறது, டிஆர்பிஎம்8 என்று பெயர், சுமார் 26 டிகிரிக்குக் கீழே போனால் அது திறந்துகொண்டு மூளைக்குச் செய்தி அனுப்பும். தைலத்தில் இருக்கும் மெந்தால் அதே கதவைச் சூடு குறையாமலே திறந்துவிடுகிறது. மிளகாயின் காரம் இதன் மறுபக்கம். டிஆர்பிவி1 என்ற புரதம் 43 டிகிரியை ஒட்டித் திறக்கும், மிளகாயில் உள்ள கேப்சைசின் அதைச் சும்மா இருக்கும்போதே திறக்கும், அதனால்தான் காரத்தை நாக்கு எரிச்சலாக உணர்கிறது. 1997-இல் டேவிட் ஜூலியஸ் குழு மிளகாய்ப் புரதத்தைக் கண்டுபிடித்தது. 2002-இல் குளிர்ப் புரதத்தை அவர் குழுவும் ஆர்டெம் பட்டபூட்டியன் குழுவும் தனித்தனியாகக் கண்டுபிடித்தன. 2021-இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு இவர்கள் இருவருக்கும், வெப்பத்தையும் தொடுதலையும் உணரும் புரதங்களைக் கண்டதற்காக. நம் வீட்டுச் சமையலறையிலும் மருந்துப் பெட்டியிலும் இருக்கும் இரண்டு பொருள்களை வைத்து இவ்வளவு பெரிய கதவைத் திறந்தார்கள் என்பது எனக்கு எப்போது நினைத்தாலும் மகிழ்ச்சி.

சாயங்காலம் மாமா வீடு. எஸ்டேட் லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், ஒரு வீடு, தகரக் கூரை. அத்தை இன்னும் கொழுந்து எடுக்கப் போகிறார். "நாளைக்குக் காலையில வெள்ளையா விழும் பாப்பா, மானத்தைப் பாரு, ஒரு மேகம் இல்ல" என்றார் மாமா. வானத்தைப் பார்த்தேன். நட்சத்திரம் அள்ளிக் கொட்டிக் கிடந்தது.

ஞாயிறு: மூணாறு, உறைபனி

விழுந்தது. காலை ஆறு மணிக்கு லயத்துக்குக் கீழே இருக்கும் புல்வெளி முழுக்க வெள்ளை. மேட்டில் இருக்கும் தேயிலைக்கு ஒன்றும் இல்லை, பள்ளத்தில் இருக்கும் செடிகள் மேல்தான் பனி. இது என்னுடைய நாள், கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

என் நெஞ்சு உயரத்தில் தெர்மாமீட்டரைப் பிடித்தபோது 3 டிகிரி. புல்லின் மேல் வைத்தால் மைனஸ் 2. ஒரே இடம், ஒன்றரை மீட்டர் உயர வித்தியாசம். காற்று உறைநிலைக்கு மேல் இருக்கும்போது புல் எப்படி உறைகிறது? புல் காற்றைத் தொட்டுக் குளிரவில்லை, வானத்தைப் பார்த்துக் குளிர்ந்தது. எல்லாப் பொருளும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிராக வெப்பத்தை எப்போதும் வீசிக்கொண்டே இருக்கிறது, சுற்றியிருப்பவை வீசுவதை வாங்கிக்கொண்டும் இருக்கிறது. மேகம் இருந்தால் அது ஒரு கம்பளிபோல மேலே மூடிக்கொண்டு, தானும் வெப்பத்தைக் கீழே திருப்பி அனுப்பும். மேகமும் ஈரமும் இல்லாத இரவில் மேலேயிருந்து வருவது மிகக் குறைவு, புல் கொடுத்துக்கொண்டே இருக்கிறது, வாங்குவது அதைவிடக் குறைவு. தன்னைச் சுற்றிய காற்றைவிடவே குளிர்ந்துவிடுகிறது. அப்புறம் அது தொட்ட காற்றும் குளிர்ந்து கனமாகிப் பள்ளத்துக்கு வழிந்து தேங்குகிறது. மேடு தப்பித்தது இதனால்தான். காற்று வீசும் இரவில் மேலும் கீழும் கலந்துவிடும், பனி விழாது.

வானிலை நிலையத்துத் தெர்மாமீட்டர் வெள்ளை அடித்த மரப்பெட்டிக்குள், சுற்றிலும் சாய்வுப் பலகைகள் வைத்து, ஏறத்தாழ ஆளின் நெஞ்சு உயரத்தில் இருக்கும். 19-ஆம் நூற்றாண்டில் தாமஸ் ஸ்டீவன்சன் என்ற கலங்கரை விளக்கப் பொறியாளர் வடிவமைத்தது, இன்றும் அவர் பெயரில்தான் ஸ்டீவன்சன் பெட்டி என்கிறோம். வெயிலும் வானமும் நேரடியாகப் படாமல் காற்றை மட்டும் அளக்க வேண்டும் என்பதற்காகவே அந்த ஏற்பாடு. அது சரியான ஏற்பாடுதான், எல்லா ஊரையும் ஒப்பிட வேண்டுமே. ஆனால் புல்லும் தேயிலையும் அத்தையும் பெட்டிக்குள் இல்லை.

நம் உடம்பும் இப்படிக் கதிராக வீசிக்கொண்டேதான் இருக்கிறது. காற்று அசையாத ஓர் அறையில் சும்மா உட்கார்ந்திருக்கும்போது நாம் இழக்கும் வெப்பத்தில் பாதிக்கு மேல் இந்த வழியில்தான் போகிறது என்று உடலியங்கியல் புத்தகங்களில் இருக்கும். நேற்று ராத்திரி இதை மாமா வீட்டிலேயே பார்த்தேன். முன்னறையில் தகரம் அப்படியே தெரிகிறது, உள்ளறையில் மாமா பழைய பிளைவுட் பலகைகளை வாங்கி வந்து கூரைக்குக் கீழே தட்டுபோல அடித்து வைத்திருக்கிறார். நடுக்கதவு திறந்தே இருந்தது, இரண்டு அறையிலும் காற்று 13 டிகிரிதான். முன்னறையில் உட்கார்ந்தால் தலைக்கு மேல் யாரோ குளிரை ஊற்றுவதாக உணர்வு, உள்ளறையில் அது இல்லை. தகரம் ராத்திரி முழுக்க வானத்துக்கு வீசிக் காற்றைவிடக் குளிர்ந்து கிடக்கிறது, நம் தலையும் தோளும் அதற்கு வீசுகிறது, திருப்பி வருவது குறைவு. பலகை நடுவில் வந்ததும் நாம் பார்ப்பது தகரத்தை இல்லை, அறையின் சூட்டில் இருக்கும் பலகையை. மாமா பிசிக்ஸ் படித்தவர் இல்லை. "பலகை அடிச்ச பெறகுதான் அத்தைக்கு ராத்திரி முட்டி வலி குறைஞ்சுது" என்றார். வீடு கட்டுகிறவர்களும் கட்டிக்கொடுக்கிறவர்களும் அந்தப் பலகையை வந்து பார்க்க வேண்டும் என்று தோன்றியது. வெயில் காலத்திலும் இதே பலகைதான் காப்பாற்றும், அப்போது தகரம் நம் மேல் வீசும்.

அத்தை ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருந்ததால் நிதானமாகப் பேச முடிந்தது. வேலை நாளில் என்ன உடுத்துவார் என்று கேட்டேன். சேலை, அதன்மேல் மாமாவின் பழைய முழுக்கைச் சட்டை, ஸ்வெட்டர், இடுப்பைச் சுற்றி பிளாஸ்டிக் தாள், தலைக்குத் துணி, காலுக்கு பூட்ஸ். பிளாஸ்டிக் தாள் மட்டும் இல்லையென்றால் இலையில் நிற்கும் பனித்தண்ணீர் இடுப்பு வரைக்கும் நனைத்துவிடும், அப்புறம் லக்கம் அருவிப் பையனின் கதைதான். ஆனால் கைக்கு எதுவும் கிடையாது. "கையுறை போட்டா கொழுந்து எது, முத்தின இலை எதுன்னு தெரியாது. போடலன்னா கை மரத்துப் போயி அப்பவும் தெரியாது" என்றார். குளிரில் உடம்பு முதலில் செய்வது கை கால் விரல்களுக்குப் போகும் ரத்தக் குழாய்களைச் சுருக்குவது. நெஞ்சும் வயிறும் 37-இல் இருக்க வேண்டும், அதற்காக விரல்களைக் கைவிடுகிறது. விரல் தோல் 15 டிகிரிக்குக் கீழே இறங்கினால் நுணுக்கமான வேலை தடுமாறும், இன்னும் இறங்கினால் நரம்பில் செய்தி ஓடுவதே மெதுவாகி மரத்துப்போகும். விரல்கள் சூடாக வேண்டுமென்றால் நெஞ்சையும் தலையையும் முதலில் நன்றாக மூட வேண்டும், உடம்பு தனக்குப் போதும் என்று நினைத்தால்தான் விரலுக்கு ரத்தத்தைத் திறந்துவிடும். ஸ்வெட்டருக்கு உள்ளே இன்னொரு பனியன் போடச் சொன்னேன். ஒரு கனமான துணியைவிட இரண்டு மெல்லிய துணிகளுக்கு நடுவே நிற்கும் காற்று நல்லது.

எட்டரைக்கு வெயில் வந்தது. காற்று அப்போதும் 7 டிகிரிதான். வெயிலில் முதுகைக் காட்டி உட்கார்ந்தால் ஸ்வெட்டரைக் கழற்றலாம் போலிருந்தது, மரநிழலுக்குள் ஓரடி வைத்தால் நடுக்கம். இத்தனைக்கும் காற்று அதே காற்று. பள்ளத்துத் தேயிலை நுனிகள் மதியத்துக்குள் கருகத் தொடங்கியிருந்தன. பனி விழுந்த இலையில் வெயில் பட்டதும் இப்படி ஆகிவிடும், தீயில் வாட்டினதுபோல் ஆயிடும் என்று மாமா வருத்தத்தோடு சொன்னார்.

திங்கள்: ராஜமலை

வரையாடு பார்க்க ராஜமலை போனோம். இரவிகுளம் தேசியப் பூங்கா, ஆனைமுடி 2,695 மீட்டர் இதற்குள்தான். ஆடுகள் காற்றில் அசையாமல் நிற்கின்றன, நாங்கள் கூனிக்குறுகி நடந்தோம்.

காற்று ஏன் குளிரை இவ்வளவு கூட்டுகிறது என்பது சனிக்கிழமைக் கதையிலேயே வந்துவிட்டது, நம்மை ஒட்டி உருவாகும் சூடான அடுக்கை அது பிய்த்துக்கொண்டு போகிறது. பால் சைப்பிள், சார்லஸ் பாசெல் என்ற இருவர் அண்டார்டிகாவில் பிளாஸ்டிக் குடுவையில் தண்ணீரை வெளியே தொங்கவிட்டு எந்தக் காற்றில் எவ்வளவு நேரத்தில் உறைகிறது என்று அளந்து 1945-இல் வெளியிட்டார்கள், காற்றுக் குளிர்க் கணக்கு அங்கிருந்துதான் தொடங்கியது. 2001-இல் அமெரிக்காவும் கனடாவும் அதைத் திருத்தின. திருத்திய கணக்கில் 5 டிகிரிக் காற்று மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் அடித்தால் திறந்த முகத்துக்கு 0 டிகிரி போல இருக்கும். பைக்கில் 30-இல் போனாலும் இதே கணக்குதான். அதற்காகப் பையில் இருக்கும் தண்ணீர் பாட்டில் உறைந்துவிடாது, அது 5-க்குக் கீழே போகாது. காற்று செய்வது குளிரும் வேகத்தைக் கூட்டுவது மட்டும்தான். விடியற்காலையில் மூணாறு சாலையில் முன்னால் குழந்தையை உட்கார வைத்து பைக் ஓட்டுகிறவர்களைப் பார்க்கும்போது மனது பதைக்கிறது, அப்பாவுக்கு அடிக்க வேண்டிய காற்றையெல்லாம் அந்தக் குழந்தைதான் வாங்குகிறது. பின்னால் உட்கார வைக்க முடியாத வயது என்றால் பஸ்ஸில் வாருங்கள்.

இதையும் சொல்லிவிடுகிறேன். குளிருக்கு நல்லது என்று சொல்லிக் குடிக்கிறவர்கள் ராத்திரி லாட்ஜ் வாசல்களில் நிறைய. சாராயம் தோலின் ரத்தக் குழாய்களை விரிக்கும், சூடான ரத்தம் மேலே வரும், நரம்பு முனைகள் சூடு என்று சொல்லும். உள்ளே இருக்க வேண்டிய வெப்பம் வெளியே போய்க்கொண்டிருக்கிறது. கதகதப்பாக உணரும் நேரத்தில்தான் உடம்பு வேகமாகக் குளிர்கிறது, இது விளையாட்டு இல்லை.

செவ்வாய்: பூப்பாறை, போடிமெட்டு, போடி

மாமாவும் அத்தையும் பஸ் ஏற்றிவிட்டார்கள். "அக்கா, அடுத்த தடவை பங்குனியில வா" என்றார் மாமா. கேப் ரோடு, பெரியகானல், பூப்பாறை, எங்கே பார்த்தாலும் ஏலத் தோட்டம். போடிமெட்டில் டீ குடித்தோம், 15 டிகிரி, பக்கத்து மேசையில் போடியிலிருந்து ஏறி வந்த ஒரு குடும்பம் "என்னா குளிரு" என்று காதை மூடிக்கொண்டிருந்தது. அம்மா சால்வையைக் கழற்றி மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தார். ஒரே கடை, ஒரே காற்று.

ஜான் லாக் என்ற ஆங்கிலத் தத்துவவாதி 17-ஆம் நூற்றாண்டிலேயே இதை எழுதியிருக்கிறார், ஒரே தண்ணீர் ஒரு கைக்குச் சூடாகவும் இன்னொரு கைக்குக் குளிராகவும் இருக்கலாம் என்று. நான் ஒன்பதாம் வகுப்பில் வருஷா வருஷம் செய்து காட்டுவேன். ஒரு பாத்திரத்தில் ஐஸ் தண்ணீர், ஒன்றில் கை பொறுக்கும் வெந்நீர், நடுவில் சாதாரணத் தண்ணீர். ஒரு கையை ஐஸ் தண்ணீரிலும் இன்னொரு கையை வெந்நீரிலும் ஒரு நிமிடம் வைத்துவிட்டு இரண்டையும் நடுவில் போடச் சொன்னால் பிள்ளைகள் கத்துவார்கள். தோல் எங்கிருந்து வருகிறதோ அங்கிருந்துதான் கணக்கைத் தொடங்குகிறது.

பதினேழு கொண்டை ஊசி வளைவு இறங்கினால் போடி, ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் இறக்கம். இறங்க இறங்கக் காற்றழுத்தம் கூடுவதால் காற்றும் சூடாகும், சராசரியாகக் கிலோமீட்டருக்கு ஆறரை டிகிரி, வறண்ட காற்றில் பத்து வரைக்கும். போடி பஸ் நிலையத்தில் 29 டிகிரி இருந்தது. அம்மா இன்னும் ஸ்வெட்டர் போட்டிருந்தார். கழுத்தில் வியர்வை, ஆனால் "எனக்கு ஒண்ணும் தெரியலையே" என்கிறார்.

இதுதான் எனக்குக் கவலை. வயதாக ஆகச் சூட்டையும் குளிரையும் உணரும் கூர்மை குறையும், வியர்வையும் குறையும், தாகமும் தாமதமாக வரும். சின்னவர்களுக்குப் புழுக்கம் தாங்காமல் ஜன்னல் பக்கம் நகரத் தோன்றும் நேரத்தில் பெரியவர்கள் அமைதியாக உட்கார்ந்திருப்பார்கள், சுகமாக இருக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வோம். கேட்டால் 'பரவாயில்லை' என்றுதான் சொல்வார்கள், பொய் சொல்லவில்லை, அவர்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். கோடை வரப்போகிறது. கேரளத்தில் வருஷா வருஷம் கோடையில் வெளிவேலைக்காரர்களுக்குப் பன்னிரண்டிலிருந்து மூன்று மணி வரை ஓய்வு என்று தொழிலாளர் துறை உத்தரவு போடுகிறது, வீட்டில் இருக்கும் வயதானவர்களுக்கு அந்த உத்தரவை நாம்தான் போட வேண்டும். காற்று தோலைவிடச் சூடாகிவிட்டால், அதாவது 35-ஐத் தாண்டினால், ஃபேன் மட்டும் போதாது, அது சூடான காற்றை நம்மேல் தள்ளும், குறைவாக வியர்க்கும் உடம்புக்கு அதனால் ஆதாயமும் குறைவு. கை கால் கழுத்தை ஈரத்துணியால் துடைத்துவிட்டு ஃபேனைப் போட்டால் அந்தத் தண்ணீர் வியர்வையின் வேலையைச் செய்யும்.

அம்மாவின் ஸ்வெட்டரை நானே கழற்றி, பஸ் நிலையக் குழாயில் கைக்குட்டையை நனைத்துக் கழுத்தில் சுற்றிவிட்டேன். தேனி பஸ் வர இன்னும் இருபது நிமிடம் இருக்கிறது என்றார்கள்.